மெழுகு மிதந்த தண்ணீர்

பல் செட் கட்டித் தருகிறவர் வாயிலேயே சொந்தப் பல் ஒன்றுகூடக் கிடையாது. வருகிறவர்கள் இதைக் கண்டுபிடித்துச் சிரிப்பதற்கு முன்னால் அவரே முந்திக்கொள்வார். "விளம்பரத்துக்காகத்தாங்க எல்லாத்தையும் பிடுங்கிட்டேன்" என்பார். உண்மை அவ்வளவு வீரமானது அல்ல. ஈறு வீங்கியபோது அவர் டாக்டரிடம் போகவில்லை. ஊரிலுள்ள பல் டாக்டர்கள் அத்தனை பேரும் தெரிந்தவர்கள். அவர்கள் முன்னால் வாயைத் திறந்து காட்ட வெட்கம். உப்புத் தண்ணீரைக் கொப்பளித்துக்கொண்டே ஒவ்வொரு பல்லாக இழந்தார். ஐம்பத்திரண்டு வயதில் தனக்குத் தானே அளவெடுத்து, தானே செட் கட்டி, கண்ணாடி முன் நின்று மாட்டிக்கொண்டு, "பிரமாதம்" என்று தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டார். வேறு யாரும் பக்கத்தில் இல்லை.

தெருவில் அவருக்குப் பல்காரர் என்று பெயர். பஸ் நிலையத்தின் பின்சுவரை ஒட்டி, ஒரு தையல் கடைக்கும் ஒரு சாவிக் கடைக்கும் நடுவே அவருடைய கடை. முன்னறையில் ஒரு சாய்வு நாற்காலி, ஒரு கண்ணாடி, வாய் கொப்பளிக்க ஒரு தொட்டி. பின்னறையில் ஒரு கேஸ் அடுப்பு, ஒரு பெரிய பானை, எதைத் தொட்டாலும் கையில் ஒட்டுகிற பிளாஸ்டர் தூசி.

வேலை சொல்லச் சுலபம். பற்கள் பெட்டி பெட்டியாக விலைக்கு வரும். அவற்றை மெழுகில் வரிசையாக நட்டு, அந்த மெழுகை அப்படியே பிளாஸ்டருக்குள் புதைத்து, கொதிநீரில் போட வேண்டும். மெழுகு உருகி ஓடிவிடும். பற்கள் மட்டும் பிளாஸ்டரில் தலைகீழாகப் பதிந்து நிற்கும். மெழுகு இருந்த பள்ளத்தில் இளஞ்சிவப்பு அக்ரிலிக் மாவை அடைத்து வேகவைத்தால் அது இறுகி ஈறாகும். பல் அந்த ஈறோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

மற்றவர்கள் இந்த வேலைக்கு இரண்டு முறை தண்ணீர் கொதிக்கவைப்பார்கள். பல்காரர் ஒரே கொதியில் முடிப்பார். "இருபத்தெட்டு வருஷமா ஒரு பானை, ஒரு கொதி. கை சுத்தமா இருந்தா எதுக்கு ரெண்டாவது?" என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லுவார்.

அவர் கட்டிய செட்டிலிருந்து பல் விழாமல் இல்லை. ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்து யாராவது ஒருவர் காகிதத்தில் பல்லை மடித்து எடுத்துக்கொண்டு வாயைப் பொத்தியபடி வருவார். பெரும்பாலும் மேல்வரிசை முன்பல்லாக இருக்கும். பல்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போலீஸ்காரர் குரலில் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"என்ன கடிச்சீங்க?"

வந்தவர் திகைப்பார். யோசித்துப் பார்த்தால் எல்லோரும் எதையாவது கடித்துத்தான் இருப்பார்கள். ஒருவர் எலும்பு என்பார், ஒருவர் மாங்கொட்டை என்பார். வயதான ஒரு தபால்காரர் பேனா மூடியை ஒப்புக்கொண்டார். ஒப்புதல் கிடைத்ததும் பல்காரர் மன்னித்து, பல்லைத் திரும்ப ஒட்டித் தருவார். தேறாத பல்லாக இருந்தால் புதியது வைத்துவிட்டு, பழையதை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்பார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பல்காரர் இருபத்தெட்டு வருடமாக ஊரில் உள்ள கூடங்களையெல்லாம் அளந்துகொண்டிருந்தார்.

இதோடு நின்றிருந்தால் பாவம் போய்த் தொலைகிறது என்று விடலாம். அவர் அக்காவிடமும் அதே கேள்வியைக் கேட்டுவிட்டார்.

அக்கா அவரைவிட மூன்று வயது பெரியவள். பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த பஸ் எந்த இடத்தில் நிற்கிறது, எது எப்போது கிளம்பும் என்று கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து மைக்கில் சொல்லுவாள். குரல் கணீரென்று இருக்கும். அந்தக் குரலுக்குத் தான் கட்டிய பல்தான் காரணம் என்று பல்காரர் கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான்கு வருடங்களுக்கு முன் ஒரு நாள், அறிவிப்பின் நடுவில் அவளுடைய மேல்வரிசை முன்பல் ஒன்று கழன்று மைக்கில் பட்டு 'டொக்' என்றது. அந்தச் சத்தம் பஸ் நிலையத்தின் பதினான்கு ஒலிபெருக்கிகளிலும் கேட்டது. அதன் பிறகு வந்த ஊர்ப்பெயர்கள் எல்லாம் விசிலோடு வந்தன.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்கு அவளுடைய சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். பன்னிரண்டு பேர். பல்காரர் உள்ளே நுழைந்தார், பல்லை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"என்ன கடிச்சே?"

"ஒண்ணும் கடிக்கலடா. பேசிட்டுத்தான் இருந்தேன்."

"பேசினா பல்லு விழுமா? கூண்டுக்குள்ள உக்காந்து கடலை கொறிச்சிருப்பே. சின்ன வயசுலேயே உனக்கு வாய் சும்மா இருக்காது. டப்பாவுல வெச்ச கடலையைத் திருடித் தின்னுட்டு எலி தின்னுச்சுன்னு சொன்னவதானே நீ?"

சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள். பல்காரருக்கு ஒரே பெருமை. தன் வாழ்க்கையில் பன்னிரண்டு பேரை ஒரே நேரத்தில் சிரிக்கவைத்தது அதுதான் முதல் முறை. அக்கா அவர் கையிலிருந்து பல்லை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அதோடு அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

நிறுத்தினாள் என்றால் முழுக்க நிறுத்தினாள். ஆனால் வேலை வேலைதானே. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அவள் குரல் பின்சுவரைத் தாண்டிக் கடைக்குள் வந்துகொண்டேயிருந்தது. அக்கா ஊருக்கே பேசினாள், அவரிடம் மட்டும் பேசவில்லை. வார ஆரம்பத்தில் குரல் சுத்தமாக இருக்கும். வெள்ளி, சனி வாக்கில் லேசாக விசிலடிக்க ஆரம்பிக்கும். அவள் அந்தப் பல்லைத் தானே எதையோ வைத்து ஒட்டிக்கொள்கிறாள், வாரக் கடைசியில் அது ஆடுகிறது என்று பல்காரருக்குக் காதாலேயே தெரிந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த விசிலைக் கேட்டதும் செய்கிற வேலையைக் கீழே வைத்துவிடுவார். 'திமிரு. வந்து கேட்டா ஒட்டித் தரமாட்டேனா?' என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். அவள் வந்திருந்தால் மீண்டும் கடலைப் பேச்சை எடுத்திருப்பார் என்பதும் அவருக்குத் தெரியும்.

இப்படியே நான்கு வருடம் போயிருக்கையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் பல்லைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்தார். செட் கட்டி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. பல்லை மேசை மேல் வைத்தார். பல்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"என்ன கடிச்..."

சொல் முடியவில்லை. அவருடைய வாயிலிருந்து ஏதோ ஒன்று பறந்து போய் மேசையில் விழுந்து, இரண்டு தடவை உருண்டு, கண்டக்டரின் பல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றது. நாக்கை மேலே கொண்டுபோனார். முன்வரிசையில் ஒரு வாசல் திறந்திருந்தது.

கண்டக்டர் இரண்டு பல்லையும் மாறி மாறிப் பார்த்தார். நிதானமான மனிதர். முப்பது வருடம் டிக்கெட் இல்லாதவர்களைப் பிடித்தவர்.

"நீங்க என்ன கடிச்சீங்க?" என்று கேட்டார்.

பல்காரர் யோசித்தார். அன்று காலை அவர் சாப்பிட்டது ஒரு வாழைப்பழம். அதையும் கத்தியால் வில்லை வில்லையாக நறுக்கிச் சாப்பிட்டிருந்தார். எண்சாண் உடம்பும் ஒரு சாணாகக் குறுகிப்போனது. "நாளைக்கு வாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அதைச் சொல்லும்போதும் விசில் வந்தது.

கண்டக்டர் போனதும் இரண்டு பல்லையும் விளக்குக்கு அடியில் வைத்துத் திருப்பினார். இரண்டின் அடிப்பக்கமும் பீங்கான் தட்டு மாதிரி பளபளவென்றிருந்தது. பிஸ்கட் டப்பாவை எடுத்து மேசையில் கொட்டினார். முப்பத்தேழு பற்கள். எல்லாவற்றையும் குப்புறப் போட்டார். முப்பத்தேழும் பளபளத்தன. எலும்பையோ கொட்டையையோ கடித்து உடைந்த பல் என்றால் பாதியில் உடையும், கொஞ்சமாவது ஈறைப் பிய்த்துக்கொண்டு வரும். இவை எதையும் பிய்க்கவில்லை. ஒட்டவே இல்லாமல், சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தவை. அந்தப் பளபளப்பு இருபத்தெட்டு வருடமாக அவர் கண்ணெதிரே இருந்தது. அவரோ ஒவ்வொரு தடவையும் பல்லைப் பார்த்துவிட்டு ஆளைத்தான் விசாரித்தார்.

மறுநாள் ஒரு செட்டுக்கு மெழுகு உருக்கும்போது, யாரோ வேறொருவன் வேலை செய்வதைப் பார்ப்பது போலத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிளாஸ்டர் அச்சைக் கொதிநீரில் போட்டார். மெழுகு உருகியது. அச்சைத் திறந்தார். அதே பானையில் கரண்டியை விட்டு, மேலாக மொண்டு, பற்கள் மேல் ஊற்றிக் கழுவினார். கரண்டி அப்படியே நின்றது. தண்ணீரின் மேல் உருகிய மெழுகு வானவில் நிறத்தில் மிதந்துகொண்டிருந்தது. மெழுகைக் கழுவுகிறேன் என்று மெழுகையே பூசியிருக்கிறார். ஒவ்வொரு பல்லின் அடியிலும், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. அதன் மேல் அக்ரிலிக் எப்படிப் பிடிக்கும்? கொஞ்ச காலம் மரியாதைக்கு நின்றுவிட்டு விழுந்துவிடும். மற்றவர்கள் இரண்டாவது கொதி வைத்தது கை சுத்தமில்லாததால் அல்ல, மெழுகு மிதக்காத தண்ணீரில் கழுவத்தான் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஒலிபெருக்கியில் அக்கா ஏதோ ஒரு பஸ் கிளம்பப் போவதாகச் சொன்னாள்.

அன்றைக்கே அவர் எழுந்து அக்கா வீட்டுக்குப் போயிருக்கலாம். கடையிலிருந்து பதினைந்து நிமிட நடை. அவர் போகவில்லை. கண்டக்டரின் பல்லையும் தன் பல்லையும் அப்போதைக்கு ஒட்டிவைத்தார். "முதல்ல நிச்சயம் பண்ணிக்கணும்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு ஒரு சோதனையைத் தொடங்கினார்.

அக்ரிலிக் பட்டையில் பத்துப் பற்களைப் பழைய முறையில் ஒட்டினார். இன்னொரு பட்டையில் பத்துப் பற்களுக்கு அடிப்பக்கத்தைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கி, புதுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துச் சோப்புப் போட்டுக் கழுவி, மறுபடி வெறும் கொதிநீரால் அலசி ஒட்டினார். வாய்க்குள் பல் படும் பாட்டை இரண்டு பட்டைகளும் பட வேண்டுமே. ஒரு பாத்திரத்தில் சுடுதண்ணீர், ஒரு பாத்திரத்தில் ஐஸ் தண்ணீர் வைத்துக்கொண்டு, இதில் ஒரு நிமிடம் அதில் ஒரு நிமிடம் என்று மாற்றி மாற்றி முக்கினார். காலையில் ஐம்பது தடவை, சாயங்காலம் ஐம்பது தடவை.

"வீட்டுல இருக்கிறவளுக்கு ஒரு வாய் காபி போட்டுக் குடுத்ததில்ல. பல்லுக்கு மட்டும் சூடா ஒண்ணு, ஜில்லுனு ஒண்ணா?" என்றாள் மனைவி.

"ஆராய்ச்சிம்மா."

"ஆராய்ச்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அண்ணி வீட்டுக்குப் போக பயம். அதுக்கு இருபது பல்லைப் போட்டு ஏன் வதைக்கிறீங்க?"

அவருக்குக் கோபம் வந்தது. சரியாகச் சொன்னதால் வந்த கோபம். அதனால் இன்னும் ஒரு மாதம் முக்கினார்.

இரண்டு மாதம் முடிந்த அன்று இடுக்கியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பழைய முறையில் ஒட்டிய பத்தில் ஏழு, பிடித்து இழுத்ததும் வழவழவென்று கழன்றுவந்தன. புதிய முறையில் ஒட்டியவை ஒன்றும் வரவில்லை. பலம் கொண்ட மட்டும் இழுத்தபோது பல்தான் நடுவில் முறிந்தது. அடிப்பாகம் ஈறைவிட்டு அசையவில்லை. பல்காரர் அந்த முறிந்த பற்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். உடனே அழுகை வந்தது. ஒரு பானைத் தண்ணீரை மாற்றியிருந்தால் போதும், அக்கா நாலு வருஷம் பேசாமல் இருந்திருக்க மாட்டாள்.

"இனிமே சாக்கு இல்ல" என்று மனைவி அவருடைய பையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அக்கா வீட்டுக் கதவைத் தட்டினார். வழியெல்லாம் மன்னிப்பு வாசகத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தார். அக்கா கதவைத் திறந்தாள். தலை நன்றாக நரைத்திருந்தது. ஒத்திகை பார்த்த வாசகத்தில் முதல் சொல்கூட நினைவுக்கு வரவில்லை.

"அளவெடுக்க வந்தேன். புது செட்டுக்கு" என்றார்.

அக்கா கதவை முழுக்கத் திறந்துவிட்டு, உள்ளே போய் ஜன்னலோரம் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பல் செட்டைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் வைத்தாள். அந்த ஒரு பல்லைச் சுற்றி மட்டும் பழுப்பு நிறத்தில் பிசின் கட்டியாக நின்றது. அவர் அதைப் பார்க்காத மாதிரி அளவெடுக்கும் பொடியைத் தண்ணீரில் குழைத்தார். வாய்க்குள் பொருந்துகிற வளைந்த தட்டில் நிரப்பினார்.

"வாயைத் திற."

திறந்தாள். தட்டை மேல்ஈறில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அந்தக் கூழ் இறுக மூன்று நிமிடம் ஆகும். அதுவரை உட்கார்ந்திருப்பவரால் ஒரு வார்த்தையும் பேச முடியாது. உலகத்தில் தன்னைவிடப் பெரிய கோழை யாரும் இருக்க முடியாது என்று பல்காரர் நினைத்தார். நினைத்துக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

"நீ கடலை கடிக்கலக்கா. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தப்பு என் பானையில. மெழுகு மிதக்கிற தண்ணியிலேயே பல்லைக் கழுவியிருக்கேன். அதான் ஒட்டல. உன் பல்லு மட்டும் இல்ல, முப்பத்தேழு பேருக்கு மேல. எல்லார் மேலயும் பழியைப் போட்டேன். மத்தவங்க ஒத்துக்கிட்டுப் போயிட்டாங்க. நீ மட்டும்தான்..." தட்டு அசைந்தால் அளவு கெடும் என்று இன்னொரு கையால் தட்டுப் பிடித்த கையைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு பக்கத்தில் அவள் கண்ணைப் பார்த்து எத்தனை காலமாயிற்று. மூன்று நிமிடம் முடிந்தது. அவருக்குத் தட்டை எடுக்க மனம் வரவில்லை. அவள்தான் அவர் கையைத் தட்டிவிட்டாள்.

வாய் கொப்பளித்தாள். முகம் துடைத்தாள். பழைய செட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். வெறும் வாயோடு சண்டை போட அவளுக்கு இஷ்டமில்லை.

"அன்னைக்குப் பன்னெண்டு பேர் முன்னாடி சொன்னே. இப்போ யார் முன்னாடி சொல்றே? சுவத்துக்கா?"

பல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா போனை எடுத்து, சம்பந்தியம்மா எண்ணைத் தட்டி, ஒலியைப் பெரிதாக வைத்து அவர் முன் நீட்டினாள்.

"வணக்கம்மா. நான்... அக்காவோட தம்பி. பல்லு கட்டுறவன். அன்னைக்கு நீங்கல்லாம் வந்திருந்தப்போ அக்கா கடலை தின்னுதான் பல்லு விழுந்துச்சுன்னு சொன்னேன் பாருங்க. அது பொய்ம்மா. நான் கட்டினது சரியில்ல."

"எந்தக் கடலை?" என்றாள் சம்பந்தியம்மா. "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையே. எல்லாரும் நல்லா இருக்கீங்களா?"

அக்கா போனை வாங்கி, நல்லா இருக்கோம் என்று சொல்லி வைத்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்க அவருக்குச் சங்கடமாக இருந்தது. நான்கு வருடமாக ஊரே தன்னைப் பற்றி நினைத்துச் சிரிப்பதாக அவள் எண்ணிக்கொண்டிருந்த விஷயம், சம்பந்தியம்மாவுக்கே நினைவில் இல்லை. அவள் போனைக் கையிலேயே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீ ஏங்க்கா வேற எங்கேயாவது போய்க் கட்டிக்கல?" என்று கேட்டார். "ரெண்டு தெரு தள்ளியே ஒருத்தர் இருக்காரே. வாராவாரம் பிசினை வெச்சு ஒட்டிக்கிட்டு, இதென்ன தலையெழுத்து?"

"போனேன். வாசல் வரைக்கும் போனேன்" என்றாள் அக்கா. "'தம்பி கட்டின பல்லு என்னாச்சு?'ன்னு கேப்பாரே, என்ன சொல்றது? கடலை கடிச்சேன்னு பொய் சொல்லணும். இல்லேன்னா உனக்கு வேலை தெரியலன்னு சொல்லணும். ரெண்டும் என் வாயால வரல. திரும்பி வந்துட்டேன்."

பல்காரர் அழுதார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்து அழுதார். அக்கா தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மூக்கைத் துடைடா, அசிங்கமா இருக்கு" என்றாள். அப்புறம் பேச ஆரம்பித்தாள். நான்கு வருடப் பாக்கி. கூண்டில் மைக் மாற்றியது, முட்டி வலி, பேத்திக்குப் பல் முளைத்தது, பஸ் நிலைய மேலாளரோடு சண்டை. நடுநடுவே விசில் வந்தது. அவர் ஒன்றுக்கும் குறுக்கே பேசவில்லை. அவர் மனைவி இதைக் கேட்டால் நம்பமாட்டாள்.

மணி பன்னிரண்டரை ஆனபோதுதான் அவருக்குத் தட்டு நினைவு வந்தது. அளவெடுத்த கால்மணி நேரத்துக்குள் அதில் பிளாஸ்டர் ஊற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் காய்ந்து சுருங்கிவிடும். யார் வீட்டில் என்ன நடந்தாலும் அளவு கையில் இருந்தால் எழுந்து ஓடிவிடுகிறவர் அவர். தன் கல்யாணத்தன்றுகூட ஓடியவர். ஜன்னலோரம் வைத்திருந்த தட்டைப் போய் எடுத்துப் பார்த்தார். ஓரமெல்லாம் வெடித்துச் சுருங்கிக் கிடந்தது.

"அளவு கெட்டுப்போச்சுக்கா" என்றார்.

"அப்படின்னா?"

"மறுபடியும் எடுக்கணும். முதல்லேருந்து."

அக்கா எழுந்து சமையலறைப் பக்கம் நடந்தாள். "இப்போ சாப்பிடு. நாளைக்கு சாயங்காலம் டூட்டி முடிஞ்சு ஆறு மணிக்கு வீட்டுல இருப்பேன், வா" என்றாள்.